அண்ணாமலைப் பல்கலைக்கழகம்: ஒரு சம்பளப் பட்டியலின் கதை

2012 நவம்பரில் அண்ணாமலைநகரில் யாரைப் பார்த்தாலும் சம்பளப் பேச்சுதான். கையில் பணம் இல்லை, ஆட்குறைப்பும் சம்பளக் குறைப்பும் செய்தால்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்று பல்கலைக்கழக நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். வகுப்புகள் நின்றன. அப்போதுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு அந்த எண் தெரியவந்தது. ஒரே வளாகத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். அதில் ஆசிரியர் அல்லாதவர்கள், ஆசிரியர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

அடுத்த ஆண்டே தமிழ்நாடு அரசு இந்தப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஒரு குடும்பத்தின் பிடியில் சீரழிந்ததை அரசு மீட்டது என்பது ஒன்று. கொடையாளி வளர்த்த மரத்தை அரசு பிடுங்கிக்கொண்டது என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் இரண்டுமே நாற்காலியில் உட்கார்ந்தவரைத்தான் பார்க்கின்றன. நான் பார்க்கச் சொல்வது சம்பளப் பட்டியலை. புதிதாக ஒரு பணியிடம் கேட்டு கோப்பு வரும்போது, அந்த அறையில் 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரமும், சொல்வதால் தனக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியமும் உள்ளவர் யார்? அண்ணாமலையில் இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் பதிலே இல்லை.

சட்டத்துக்குள் ஒரு குடும்பம்

கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பிறகு தமிழுக்கு ஒன்று, சமஸ்கிருதத்துக்கு ஒன்று, இசைக்கு ஒன்று என்று கல்லூரிகள் வந்தன. மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு உ.வே.சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்தார் என்றால், தொடக்கத்திலேயே தரம் எப்படி இருந்தது என்று புரிந்துகொள்ளலாம். இந்தக் கல்லூரிகளையும் சொத்துக்களையும், கூடவே 20 லட்ச ரூபாயையும் செட்டியார் சென்னை மாகாண அரசிடம் ஒப்படைக்க, அதை வைத்துப் பிறந்ததுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். சட்டத்தின் பெயரில் 1928 இருக்கிறது. பல்கலைக்கழகம் நடைமுறைக்கு வந்தது 1929-இல்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவானதால் அது பொது நிறுவனம். ஆனால் அதே சட்டம் நிறுவனருக்கு இணைவேந்தர் பதவியைக் கொடுத்து, அதை வாரிசுரிமையாகவும் ஆக்கியது. துணைவேந்தரை நியமிப்பவர் வேந்தரான ஆளுநர். அவர் தேர்ந்தெடுக்க வேண்டிய மூன்று பெயர் கொண்ட பட்டியல் வருவதோ நிறுவனர் தரப்பிலிருந்து. கையெழுத்து ஓரிடம், முடிவு இன்னோரிடம். அண்ணாமலைச் செட்டியாருக்குப் பின் முத்தையா செட்டியார், அவருக்குப் பின் எம்.ஏ.எம்.ராமசாமி என்று அந்தப் பதவி 2013 வரை குடும்பத்திலேயே இருந்தது.

இந்த ஏற்பாட்டை இன்றைக்குப் பார்த்து முகம் சுளிப்பது எளிது. ஆனால் முதல் தலைமுறையில் அது வேலை செய்தது, அதுவும் பிரமாதமாக. முதல் தமிழ்ப் பேராசிரியராக மட்டக்களப்புப் பகுதியிலிருந்து விபுலானந்த அடிகளை அழைத்து வந்தார்கள். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்தார். தமிழிசை இயக்கத்துக்கு இந்த வளாகம் ஒரு தாய்வீடு. பணம் போட்டவர் நல்ல ஆளைத் தேடிக் கொண்டுவரும் கண் உள்ளவராக இருந்தால் மூன்று பெயர்ப் பட்டியல் ஒரு வரம்தான். சட்டமோ அந்தக் கண் பரம்பரையாக வரும் என்று எடுத்துக்கொண்டது.

இன்னொரு விஷயம் பெரிதாகப் பேசப்படுவதில்லை. 2021 வரை அண்ணாமலை, மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஒற்றை வளாகப் பல்கலைக்கழகமாகவே இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இருப்பதுபோல் இணைப்புக் கல்லூரிகள் அதற்கு இல்லை. கல்வி நோக்கில் இது அழகான வடிவம். பண நோக்கில் யோசித்தால் சிக்கல். இணைப்புக் கல்லூரிகள் இருந்தால் இணைப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் வந்துகொண்டே இருக்கும். பாடம் நடத்தும் செலவு கல்லூரியின் தலையில். ஒற்றை வளாகத்துக்கு அந்த வரவு இல்லை. மானியமும் மாணவர் கட்டணமும்தான்.

கரஸ் கொடுத்த காசு

அந்த ஓட்டையை அடைத்தது 1979-இல் தொடங்கிய தொலைதூரக் கல்வி. ஊரில் யாரும் அதை அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'அண்ணாமலையில் கரஸ்' என்றால்தான் புரியும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் ஒரு சித்தியோ மாமாவோ இப்படிப் படித்திருப்பார்கள். தபால்காரர் கொண்டுவரும் கனத்த பார்சல், சாணித்தாள் நிற அட்டை போட்ட பாடப்புத்தகங்கள், சனி ஞாயிறில் ஏதாவதொரு பள்ளிக்கூடத்தில் நடக்கும் தொடர்பு வகுப்பு. பதவி உயர்வுக்காகப் பட்டம் தேடிய ஆசிரியர், கல்யாணத்துக்குப் பிறகு எம்.ஏ. முடித்த பெண், கடையில் வேலை பார்த்துக்கொண்டே பி.காம். எழுதிய பையன் என்று கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லாத லட்சக்கணக்கானவர்களுக்கு அது ஒரு கதவு. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

பல்கலைக்கழகத்தின் கணக்குப் புத்தகத்தில் அது வேறு மாதிரித் தெரிந்தது. கட்டணம் முதலில் வந்துவிடும். செலவு அச்சு, தபால், வாரயிறுதி வகுப்பு, விடைத்தாள் திருத்தும் கூலி. படிப்பு மையங்கள் தமிழ்நாட்டைத் தாண்டி மற்ற மாநிலங்களுக்கும் போயின. வளாகத்துக்குள் மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல் எல்லாம் இருந்தன. அவற்றின் கட்டணமும் தனியார் கல்லூரி அளவில்தான்.

சரி, இந்தப் பணத்தை வைத்து என்ன செய்தார்கள்? கட்டடம் கட்டினார்கள், துறைகள் திறந்தார்கள், ஆள் எடுத்தார்கள். பிழை அந்த மூன்றாவதில்தான். ஓர் அலுவலக உதவியாளரை 25 வயதில் நிரந்தரப் பணியில் எடுத்தால், 58 வயதில் ஓய்வு என்று வைத்துக்கொண்டாலும் 33 ஆண்டுகள் சம்பளம். நடுவில் ஊதியக் குழுக்கள் வந்துபோகும், அகவிலைப்படி ஏறும். 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர் என்றால் அதன்பின் ஓய்வூதியம், அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியம். ஒரு கையெழுத்துக்குப் பின்னால் ஐம்பது வருஷச் செலவு இருக்கிறது. அதற்கு எதிரே நின்றதோ இந்த ஆண்டு சேர்க்கை எத்தனை என்பதைப் பொறுத்த வரவு. டெல்லியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் காணாமல் போகக்கூடிய வரவு.

ஏன் யாரும் நிறுத்தவில்லை? துணைவேந்தர் வந்தது இணைவேந்தரின் பட்டியலில். துறைத்தலைவருக்குக் கூடுதலாக ஓர் ஆள் கிடைப்பது லாபம்தான், செலவு அவர் பையிலிருந்து போகவில்லை. ஊழியர் சங்கம் ஆள் எடுப்பதை எதிர்க்குமா? ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்தைச் சுற்றிப் பெரிய தொழிற்சாலைகள் இல்லை. ஒரு பக்கம் நடராசர் கோயில், தண்டவாளத்துக்குக் கிழக்கே பல்கலைக்கழகம், சுற்றிலும் வயல். யூனிவர்சிட்டியில் வேலை என்றால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். மானியம் கொடுத்த அரசும் ஆண்டுக்காண்டு தன் பங்கைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டது. எல்லோருக்கும் நன்மை தருகிற ஒரு தவற்றைத் தட்டிக் கேட்க எந்த நிறுவனத்திலும் ஆள் கிடைப்பது கஷ்டம்.

2009: இரண்டு அடி

நெருக்கடி 2012-இல் வெடித்தாலும், முறிவு அதற்கு மூன்று வருஷம் முன்பே தொடங்கியது என்பது என் கணிப்பு.

அந்த ஆண்டு ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஊதிய விகிதங்களைத் திருத்தியது. பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் பல்கலைக்கழக மானியக்குழுவின் (யு.ஜி.சி.) புதிய ஊதிய விகிதம் வந்தது. நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் இது ஒரு சுமை, பன்னிரண்டாயிரம் பேர் இருக்கும் இடத்தில் இடி.

அதே 2009-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. இளநிலைப் பட்டம் இல்லாதவர்கள் நேரடியாக முதுநிலையில் சேரும் திறந்தநிலைத் திட்டம் ஒன்றை அண்ணாமலை நடத்திவந்தது. அப்படிப் பெற்ற எம்.ஏ. பட்டத்தை வைத்து நடந்த ஓர் அரசுப் பணி நியமனம் வழக்காகி மேலே போயிற்று. முதல் பட்டம் இல்லாமல் முதுநிலைப் பட்டம் செல்லாது, பல்கலைக்கழக மானியக்குழுவின் 1985 விதிமுறைகள் தொலைதூரக் கல்விக்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு ஒரே ஒருவரைப் பற்றியதுதான். ஆனால் எந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்ததோ, அதில் ஊற்று குறையப்போகிறது என்பதற்கு அது முதல் அடையாளம். மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது என்று 2013-இல் மானியக்குழு கறாராகச் சொன்னது. 2014-15 கல்வியாண்டுக்குப் பிறகு அண்ணாமலையின் தொலைதூரப் படிப்புகளுக்குத் தன் அங்கீகாரம் இல்லை என்று 2022-இல் பொது அறிவிப்பே வெளியிட்டது. இடையில் சேர்ந்து படித்தவர்களின் நிலை தனிக் கதை. கட்டணத்தைக் கட்டிய மாணவருக்கும் நிர்வாகச் சிக்கலுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் விலை கொடுப்பது எப்போதும் அவர்தான்.

ஆள் மாறினார்கள், பட்டியல் மாறவில்லை

2013 ஏப்ரலில் ஐ.ஏ.எஸ். அதிகாரி சிவ்தாஸ் மீனா நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். அப்போதைய துணைவேந்தர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். ஜெயலலிதா ஆட்சிக்காலம் அது. புதிய சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறி அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 84 ஆண்டுக்காலக் குடும்ப உரிமை முடிந்தது. இணைவேந்தர் இனி உயர்கல்வி அமைச்சர்.

சட்டம் நாற்காலிகளை ஒரே நாளில் மாற்றிவிடும். அடுத்த மாதச் சம்பள நாளைத் தள்ளிப்போட அதற்குச் சக்தி கிடையாது. பட்டியலில் ஒரு பெயரும் குறையவில்லை. இனிமேல் தட்டுப்பாடு வந்தால் 'எங்களிடம் பணம் இல்லை' என்று சொல்லக்கூட வழியில்லை, ஏனென்றால் உரிமையாளர் அரசு. பல்கலைக்கழகம் 'நாங்கள் தன்னாட்சி' என்று பதிலுக்குச் சொல்லவும் முடியாது.

அரசுக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. வேலையை விட்டு அனுப்பலாம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வரும், எந்த அரசும் அதைச் செய்யாது. பேசாமல் சம்பளம் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். நிதித்துறை விடாது. மிச்சம் இருந்தது பணிநிரவல். உபரி என்று கணக்கிடப்பட்டவர்களை மற்ற அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அயற்பணியில் (டெபுடேஷன்) அனுப்புவது. அதைத்தான் செய்தார்கள். உதவிப் பேராசிரியர்கள் அரசு கலைக் கல்லூரிகளுக்குப் போனார்கள். அலுவலக ஊழியர்கள் பல துறைகளுக்குச் சிதறினார்கள்.

பணிநிரவல் என்ற சொல் காகிதத்தில் சாதுவானது. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவதுபோல. நடைமுறையில் அது என்ன? சிதம்பரத்தில் வீடு கட்டிக் கடன் அடைத்துக்கொண்டிருப்பவர், பிள்ளை அண்ணாமலைநகர்ப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள், அம்மாவுக்கு வாரம் ஒருமுறை பல்கலைக்கழக மருத்துவமனையில் காட்ட வேண்டும். அவர் கையில் எங்கோ ஒரு மாவட்டத்தில் போய்ச் சேரச் சொல்லும் ஆணை. போய்ச் சேர்ந்த இடத்தில் அவர் உள்ளாளும் இல்லை, புது ஆளும் இல்லை. 'அண்ணாமலையிலிருந்து வந்தவர்' என்பதே அடையாளமாகிவிடும். பதவி உயர்வுப் பட்டியலில் அந்த அலுவலகத்தாரின் வரிசை வேறு, இவர் வரிசை வேறு.

எதிர்ப்பு இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்தது, அதிலும் நியாயம் இருந்தது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட், செட் தகுதித் தேர்வுகளில் தேறிவிட்டு அரசுக் கல்லூரிப் பணிக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் கேட்டார்கள்: காலியிடங்களை இப்படி நிரப்பினால் எங்களுக்கு எப்போது தேர்வு அறிவிப்பு வரும்? எந்தக் காலத்திலோ ஒரு வளாகத்தில் போட்ட கையெழுத்துகளுக்கு, அந்த வளாகத்தை ஒருபோதும் பார்க்காத ஒரு தலைமுறை விலை கொடுத்தது. சுமை குறையவில்லை, ஒரே இடத்தில் குவிந்து கண்ணை உறுத்தியது பல துறைகளின் பட்ஜெட்டுக்குள் கரைந்துபோனது, அவ்வளவுதான். இருந்தாலும் அந்த நிலைமையில் இதைவிடக் குறைந்த சேதத்தில் ஒரு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

13,610 ரூபாய்

அரசு எடுத்துக்கொண்ட பிறகும், வளாகத்திலிருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் கட்டணம் பழையபடியே தொடர்ந்தது. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல். அதே சமயம் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் 13,610 ரூபாய். இரண்டும் அரசுடையவை, இரண்டுக்கும் ஒரே நீட் தேர்வு. ஏன் இப்படி? காரணம் பழைய சம்பளப் பட்டியல்தான். மருத்துவமனையும் வளாகத்தின் பிற செலவுகளும் இந்தக் கட்டணத்தில் சாய்ந்து நின்றன. அதைக் குறைத்தால் இன்னோரிடத்தில் ஓட்டை விழும்.

2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனா காலம், இவர்களில் பலர் அதே மருத்துவமனையின் வார்டுகளில் பணி பார்த்தவர்கள். விடுதியை மூடினார்கள், சாப்பாடு நிறுத்தப்பட்டது என்ற புகார் எழுந்தது, மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. ஒன்றரை மாதத்துக்கும் மேல் நீடித்தது. 2021 ஜனவரி இறுதியில் கல்லூரியை மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றி அரசாணை வந்தது. கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி என்று பெயர் மாறி, கட்டணமும் பிப்ரவரியில் அரசுக் கல்லூரி அளவுக்கு இறங்கியது. எட்டு வருஷமாக அதிகாரிகள் தொடாத முடிச்சை மாணவர்கள் அவிழ்த்தார்கள். ஒரு சுமையும் ஒரு வரவும் சேர்ந்தே பல்கலைக்கழகத்தின் கையை விட்டுப் போயின.

அதே 2021 ஆகஸ்டில் இன்னொரு மாற்றம். விழுப்புரத்தில் அப்போதுதான் தொடங்கியிருந்த ஜெயலலிதா பல்கலைக்கழகத்தைக் கலைத்து அண்ணாமலையோடு சேர்க்கும் சட்டமுன்வடிவு நிறைவேறியது. அரசியல் சண்டைதான் செய்தியானது, அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. நிர்வாகக் கண்ணுக்கு முக்கியமானது வேறு. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பகுதிக் கல்லூரிகள் அண்ணாமலையின் கீழ் வந்தன. 1929-இன் ஒற்றை வளாக வடிவம் முடிவுக்கு வந்தது. இணைப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் வரத் தொடங்கின. தொடக்கத்தில் இல்லாத அந்த வரவு 92 வருஷம் கழித்துக் கிடைத்தது, அதுவும் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றி.

துணைவேந்தரை யார் நியமிப்பது என்று ஆளுநருக்கும் அரசுக்கும் நடக்கும் இழுபறியில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மாட்டிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. நியமன அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்றும் சட்டத்திருத்தங்கள் விஷயத்தில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகச் சொன்னது, மே மாதம் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை போட்டது. தலை இல்லாத நிர்வாகம் மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1929-இலும் இதே கேள்விக்குத்தான் பெரிய மூளைகளெல்லாம் உட்கார்ந்து விடை எழுதின: பெயரை யார் தருவது, கையெழுத்தை யார் போடுவது. பணியிடக் கோப்பு எங்கே நிற்கும் என்று அன்றைக்கும் யாரும் எழுதவில்லை. இன்றைய வாதங்களிலும் அந்தப் பக்கம் எனக்குத் தட்டுப்படவில்லை.

வெளியே அனுப்பப்பட்டவர்கள், போன இடத்திலேயே எங்களை நிரந்தரமாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுவருகிறார்கள். தவணை முடியும்போதெல்லாம் நீட்டிப்பு ஆணை எப்போது வரும் என்று விசாரிப்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. வேலை செய்வது ஓர் ஊரில், மேசையும் வருகைப்பதிவும் அங்கேதான். பணிமூப்பையோ ஓய்வூதியத்தையோ பற்றி ஒரு சந்தேகம் என்றால் மட்டும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறுகிறார்கள்.